விஞ்ஞான நாவல்கள்: கற்கும் முறையும் நூல்வரிசையும்

நூல் ஒன்றினைக் கையில் எடுக்கும் மாணாக்கனுக்கு அந்நூலைப் பற்றி முன்னதாகச் சில செய்திகள் கூறப்படல் வேண்டும் என்பது தமிழ் மரபு. அதனையே பாயிரம் என்றனர் நம் முன்னோர். செய்தவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, அது கூறும் பொருள், கேட்டற்கு உரியோர், கேட்டலால் வரும் பயன் என்னும் எட்டினையும் நூல்தோறும் சொல்லவேண்டும் என நன்னூலார் வகுத்தார். இவ்வெட்டனுள் யாப்பு என்பதற்கு, இன்ன நூலைக் கற்றபின் இன்ன நூலைக் கற்க என்னும் இயைபு என உரையாசிரியர் பொருள் கூறுவர். செய்யுள் யாப்பினை மட்டும் அறிந்த மாணவர்க்கு இப்பொருள் புதிதாகத் தோன்றலாம். நூல்களைப் படிமுறையாக வைத்துக் கற்பிக்கும் வழக்கம் நம்மிடம் தொன்றுதொட்டு உண்டு என்பதற்கு இவ்வொரு சொல்லே போதிய சான்றாகும்.

இம்மரபினை நாம் ஈண்டு நினைவூட்டுவது விஞ்ஞான நாவல்களைப் பற்றிப் பேசுதற்காகும். விஞ்ஞான நாவலுக்கும் தமிழாசிரியருக்கும் என்ன தொடர்பு என வினவுவார் உளர். பௌதிக விதியை விளக்குதல் விஞ்ஞான ஆசிரியரின் பணி. கதையைக் கதையாக வாசிக்கக் கற்பித்தல் மொழியாசிரியரின் பணி. இரண்டுக்கும் இடையிலுள்ள இந்நிலத்தை எவரும் உழாது விட்டமையால், விஞ்ஞானம் பயிலும் மாணவன் கதை வாசித்தலை வீண்பொழுது என்கிறான். கலை பயிலும் மாணவன் விஞ்ஞானம் தனக்கு உரியதன்று என்கிறான். இருவரும் தனியார் வகுப்புக் குறிப்புக்களோடு நின்றுவிடுகின்றனர். அவ்விருவரையும் ஒரே மேசையில் அமர்த்தவல்ல நூல்வகை இது என்பது நமது துணிபு.

விஞ்ஞான நாவல் என்பது யாது?

இன்னும் நிகழாத ஒன்றை, நிகழக்கூடியதாகக் கொண்டு, அதன் காரண காரியங்களைப் பிறழாது தொடர்ந்து சென்று, அதனால் மாந்தர் வாழ்வு எவ்வாறு மாறும் எனக் காட்டும் கதையே விஞ்ஞான நாவலாகும். "இவ்வாறாயின் என்ன ஆகும்?" என்னும் வினாவே அதன் வித்து.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லல் வேண்டும். புட்பக விமானம் முதலியவற்றைக் காட்டி, விஞ்ஞானக் கதை நம்மிடம் முன்னரே இருந்தது எனச் சிலர் பெருமை பேசுவர். காவியத்துள் வரும் விமானம் காவியச் சுவைக்கு அணி செய்வது. அது எவ்விசையால் எழுந்தது, எவ்வாறு இறங்கியது எனக் கவிஞர் கூறப் புகவில்லை. கூறவேண்டிய கடப்பாடும் அவர்க்கில்லை. அதனை இயந்திரவியல் எனக் கொள்வது காவியத்துக்கும் நன்மை செய்யாது, விஞ்ஞானத்துக்கும் நன்மை செய்யாது. இரண்டையும் அதனதன் இடத்தில் வைத்துப் போற்றுவோமாக.

வழங்கிவரும் பட்டியல்கள்

இத்துறையில் நூற்பட்டியல்களுக்குக் குறைவில்லை. 1926 ஆம் ஆண்டு அமெரிக்காவில் இவ்வகைக் கதைகளுக்கெனவே ஒரு மாத இதழைத் தொடங்கிய ஹியூகோ கேர்ண்ஸ்பாக் என்பாரின் பெயரால், 1953 முதல் ஹியூகோ பரிசு வழங்கப்பட்டு வருகின்றது. அதனைத் தீர்மானிப்போர் உலக மாநாட்டில் அங்கத்தவராய் உள்ள வாசகர்கள். நெபியூலா என்னும் பரிசினைத் தீர்மானிப்போர் எழுத்தாளர்கள். நாவலுக்கான முதலாவது நெபியூலாவைப் பெற்றது பிராங்க் ஹேர்பேட் எழுதிய 'டியூன்'. 1985 இல் டேவிட் பிரிங்கிள் என்னும் திறனாய்வாளர் நூறு சிறந்த நாவல்களைத் தெரிந்து ஒரு நூலே வெளியிட்டார்.

இவை யாவும் பயனுடையன. எனினும், நம் மாணவர்க்கு இவற்றை அப்படியே கொடுத்தல் பொருந்தாது. பிரிங்கிளின் நூறும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டன. 1949 முதல் 1984 வரையிலான காலத்துக்கு உரியன. ஆகவே வேர்ணும் வெல்ஸும் அதனுள் இலர். போலந்து மொழியின் லெம்மும் இலர். பரிசுப் பட்டியல்களோ அவ்வவ்வாண்டில் வெளிவந்தவற்றுள் சிறந்தது எது எனச் சொல்லுமேயன்றி, எதன்பின் எதனை வாசிப்பது எனச் சொல்லா. மொழிபெயர்ப்பு நாவல் ஒன்று ஹியூகோ பரிசினைப் பெறுதற்கு 2015 ஆம் ஆண்டு வரை காத்திருக்க நேர்ந்தது. சீன எழுத்தாளர் லியூ சிசின் எழுதிய 'மூன்று பொருட் சிக்கல்' என்னும் நாவலே அது.

பாயிரத்தின் எட்டு உறுப்புக்களுள் இப்பட்டியல்கள் ஆக்கியோன் பெயரையும் நூற்பெயரையும் தருகின்றன. கேட்போர், பயன், யாப்பு என்னும் மூன்றினையும் விட்டுவிடுகின்றன. பதின்மூன்று வயது மாணவன் ஒருவன் 'டியூன்' என்னும் பெருநூலை முதலில் எடுத்து, ஐம்பது பக்கங்களில் களைத்து மூடுவானாயின், அவன் மூடுவது அந்நூலை மட்டுமன்று. அத்துறை முழுவதற்குமே கதவடைத்து விடுகிறான். வரிசை பிழைப்பதால் வரும் இழப்பு இதுவாகும். இதனை மனத்திற்கொண்டு, பன்னிரு நூல்களை மூன்று படிகளாக வகுத்துக் கீழே தருகின்றோம்.

முதற்படி: எட்டாம் ஆண்டு முதல் பத்தாம் ஆண்டு வரை

முதலாவது, பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல் வேர்ண் 1870 இல் நூலாக நிறைவுசெய்த 'கடலடியில் இருபதினாயிரம் லீக்குகள்'. லீக்கு என்பது ஏறத்தாழ 4 கிலோமீற்றர். எனவே இருபதினாயிரம் லீக்கு 80,000 கிலோமீற்றர் ஆகும். பூமியின் சுற்றளவைப் போல் இருமடங்கு. இது கடலின் ஆழம் எனப் பலரும் மயங்குவர். நீர்மூழ்கி ஓடிய தூரமே அது. இந்நாவல் நமக்கு மிக அணித்தானது. கப்பித்தான் நீமோவின் 'நோட்டிலஸ்' மன்னார்க் கடலுக்கு வருகின்றது. முத்துக்குளிக்கும் ஏழை ஒருவனைச் சுறாவின் வாயினின்றும் மீட்டு, நீமோ அவன் கையில் முத்துப்பை ஒன்றை வைக்கின்றான். அக்கொடைக்குரிய காரணம் பின்னர் எழுந்த 'மருமத் தீவு' என்னும் நாவலில் விளங்கும்: நீமோ என்பான் 1857 ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் அனைத்தையும் இழந்த புந்தேல்கண்டத்து இளவரசன் தக்கார். அடிமைப்பட்ட நாட்டவன் மற்றோர் அடிமைப்பட்டவனுக்குக் கொடுத்த கொடை அது.

இரண்டாவது, அவரே 1865 இல் வெளியிட்ட 'பூமியிலிருந்து சந்திரனுக்கு'. புளோரிடாவில் 900 அடி நீளப் பீரங்கி அமைத்து, அதனுள் மனிதரை வைத்துச் சந்திரனை நோக்கிச் சுடுவதே கதை. 1969 இல் சந்திரனுக்குச் சென்ற அப்பலோ 11 புறப்பட்ட இடமும் புளோரிடாவே. விஞ்ஞான மாணவர்க்கு இங்கே ஒரு பயிற்சியுண்டு. செக்கனுக்கு 11 கிலோமீற்றர் வேகத்தை 274 மீற்றர் நீளத்துள் ஒரு பொருள் பெறவேண்டுமாயின், அதன் ஆர்முடுகல் யாது? கணித்துப் பார்ப்பின் புவியீர்ப்பு ஆர்முடுகலின் இருபதினாயிரம் மடங்கிற்கும் மேலாக வரும். பீரங்கியின் வாயைக் கடக்குமுன்னரே பயணிகள் மூவரும் மாண்டிருப்பர்! நாவலாசிரியரின் பிழையைத் தானே கணித்துக் கண்டுபிடிக்கும் மாணவன் அச்சமன்பாட்டை வாழ்நாளில் மறவான்.

மூன்றாவது, எச். ஜி. வெல்ஸ் 1895 இல் எழுதிய 'கால இயந்திரம்'. சிறிய நூல், ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்குவோர்க்கு ஏற்றது. கி.பி. 802,701 ஆம் ஆண்டில் மனித இனம் இரண்டாகப் பிளந்து, மேலே உழைப்பறியாது வாழ்வோரும் கீழே இருளில் இயந்திரங்களோடு வாழ்வோருமாக நிற்கக் காண்கிறோம். உடையார் இல்லார் என்னும் வேற்றுமை நெடுங்காலம் வளரின் எங்கே சென்று முடியும் என்பதே ஆசிரியரின் வினா.

நான்காவது, தமிழில் சுஜாதா எழுதிய 'என் இனிய இயந்திரா'. ஆனந்த விகடனில் தொடராக வந்த இந்நாவலில், ஜீனோ என்னும் இயந்திர நாய் நூல் வாசிக்கின்றது, சிந்திக்கின்றது, குறும்பும் பேசுகின்றது. எளிய நடை, விரைந்து செல்லும் கதை, அதனூடே, குடிமக்களின் ஒவ்வோரசைவையும் அரசு ஆளின் என்ன நேரும் என்னும் எச்சரிக்கை. தொழிலால் பொறியியலாளரான ஒருவர், தம் தாய்மொழியில் இத்துறையை எவ்வாறு கையாளலாம் எனக் காட்டியமையால் இது முதற்படியிலேயே இடம்பெறுகின்றது.

இரண்டாம் படி: சாதாரணதரம் முடித்தோர்க்கு

ஐந்தாவது, வெல்ஸின் 'உலகங்களின் போர்', 1898. செவ்வாயிலிருந்து வந்தோர் இங்கிலாந்தை அழிக்கின்றனர். மனிதரின் பீரங்கிகளால் ஆகாத வெற்றியை ஈற்றில் கண்ணுக்குத் தெரியா நுண்கிருமிகள் தேடித் தருகின்றன. முதல் அதிகாரத்திலேயே, தஸ்மேனியத் தீவின் மக்களுக்கு ஐரோப்பியர் செய்த கொடுமையை ஆசிரியர் நினைவூட்டுகிறார். பேரரசு உச்சத்திலிருந்த நாளில், இலங்கையும் அதன்கீழ் இருந்த நாளில், ஓர் ஆங்கிலேயர் தம் மக்களை நோக்கி "இவ்வாறு உமக்கு நேரின் எப்படியிருக்கும்?" என வினவியமை எண்ணத்தக்கது.

ஆறாவது, ஐசக் அசிமோவின் 'நான், றோபோ', 1950. றோபோ என்னும் சொல், செக்கு நாட்டு நாடகாசிரியர் கரெல் சாப்பெக் 1920 இல் வெளியிட்ட நாடகத்தினின்றும் உலகெங்கும் பரவியது; கட்டாய வேலை என்னும் பொருள்தரும் சொல்லிலிருந்து பிறந்தது. மனிதர்க்குத் தீங்கு செய்யாமை, மனிதர் சொற்கேட்டல், தன்னைக் காத்தல் என்னும் மூன்று விதிகளை அசிமோவ் வகுத்து, முன்னையது பின்னையதை வெல்லும் என அமைத்தார். விதிகள் மூன்றே, அவை ஒன்றோடொன்று முரணுமிடங்களோ பல. இலக்கணம் கற்ற நம் மாணவர்க்கு இது புதிதன்று. நூற்பா ஒன்று கூற, வழக்கு வேறொன்று காட்ட, இரண்டையும் இணக்க முயலும் உரையாசிரியரின் இடர்ப்பாட்டினையே இக்கதைகளிலும் காண்பர். செயற்கை நுண்ணறிவு நம் கைப்பேசிக்குள் புகுந்துவிட்ட இந்நாளில், விதிகளால் மட்டும் ஓர் இயந்திரத்தை நல்வழிப்படுத்தல் கூடுமோ என்னும் வினா பொழுதுபோக்கு வினாவன்று.

ஏழாவது, ஆதர் சி. கிளார்க் 1973 இல் எழுதிய 'ராமாவுடன் சந்திப்பு'. சூரியமண்டலத்துள் நுழையும் பெரியதோர் உருளை வடிவக் கலத்துக்கு இராமபிரானின் பெயர் வழங்கப்படுகின்றது. கிரேக்க, உரோமத் தெய்வங்களின் பெயர்கள் முன்னரே தீர்ந்துபோனமையால் வானியலார் இந்துத் தெய்வங்களின் பெயர்களை நாடினர் என்பது கதை. கலத்தினுள் மனிதர் புகுந்து காண்கின்றனர். அதைச் செய்தோர் யாரென அறியாமலே மீள்கின்றனர். விடை கிடையாத வினாவோடு அமைதியாக இருக்கப் பழகுதலும் கல்வியே என்பதை இந்நாவல் உணர்த்தும்.

எட்டாவது, றே பிராட்பரியின் 'பரனைற் 451', 1953. தாள் தீப்பற்றும் வெப்பநிலை என ஆசிரியர் கொண்ட எண்ணே நூலின் பெயர். தீயணைப்போர் நூல்களைத் தேடி எரிக்கும் ஒரு காலம். அத்தொழில் செய்வான் ஒருவன் நூலொன்றை எடுத்து வாசித்துவிடுகின்றான். அவன் வாழ்வு தலைகீழாகின்றது. கலிபோர்ணியாப் பல்கலைக்கழக நூலகம் ஒன்றின் நிலவறையில், அரை மணிக்குப் பத்துச் சதம் செலுத்தி இயக்கும் தட்டச்சுப் பொறியில் இதன் முதல் வடிவம் எழுதப்பட்டது. நூல் எரிப்பைப் பற்றிய நூல் நூலகத்திலேயே பிறந்தது.

இந்நாவலை உலகின் பிற பகுதி மாணவர் கற்பனையாக வாசிப்பர். நமக்கு அவ்வாறு வாசித்தல் இயலாது. 1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் நாள் தொடங்கிய தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதனுள் இருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏடுகளும் சாம்பலாயின. அன்று பிறவாத மாணவர் இன்று நம் வகுப்புக்களில் அமர்ந்திருக்கின்றனர். அவர்க்கு அது பாடப்புத்தகச் செய்தி. பழைய மாணவர் பலர்க்கோ அது கண்ணாற் கண்ட காட்சி. பிராட்பரியின் நாவலினிறுதியில், எரிந்த நூல்களை மனனஞ்செய்து, ஆளுக்கொரு நூலாக வாழ்வோர் சிலர் காட்டினுள் காணப்படுகின்றனர். நூலை நெஞ்சிலிருத்திக் காத்தல் நம் குருகுலங்கள் நன்கறிந்த கலை. ஆயினும் அஃது ஒன்றே போதாது. தாளிலும் இருத்தல் வேண்டும், பல ஊர்களில் பல படிகளாகவும் இருத்தல் வேண்டும். சிறியதொரு கல்லூரி நூலகத்தில் பன்னிரு நூல்களை வாங்கி வைத்தல் என்னும் எளிய செயலுக்கு இம்மண்ணில் இத்துணைப் பொருளுண்டு.

மூன்றாம் படி: உயர்தர மாணவர், ஆசிரியர், பழைய மாணவர்க்கு

ஒன்பதாவது, மேரி ஷெல்லியின் 'பிராங்கன்ஸ்டைன்', 1818. இத்துறையின் முதல் நூல் இதுவே எனக் கொள்வார் பலர். முதலில் எழுந்ததை ஏன் முதலில் வைக்கவில்லை என வினவலாம். காலத்தால் முந்தியது கற்றற்கு எளியது என்னும் நியதியில்லை. தொல்காப்பியத்தைத் தொடக்க வகுப்பில் நாம் வைப்பதில்லை. பதினெட்டு வயதில் அவ்வம்மையார் இதனை எழுதத் தொடங்கினார். பிராங்கன்ஸ்டைன் என்பது படைத்தவனின் பெயர். படைக்கப்பட்ட உயிருக்குப் பெயரே இல்லை. அவ்வுயிர், ஒரு குடும்பத்தார் பேசுவதைச் சுவருக்கு அப்பாலிருந்து கேட்டு மொழி கற்று, நூல்களும் வாசித்து, அன்பை வேண்டி நின்று, விரட்டப்படுகின்றது. படைத்துவிட்டுப் பொறுப்பைக் கைவிடுதலே பெருங்குற்றம் என்பது நூலின் கருத்து. ஆசிரியத் தொழில் செய்வோரும் பெற்றோரும் அதனை ஊன்றி வாசித்தல் நன்று.

பத்தாவது, கிளார்க்கின் 'சுவர்க்கத்தின் நீரூற்றுக்கள்', 1979. 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் அவர். திருகோணமலையிற் கடலில் மூழ்கி, போர்த்துக்கேயரால் 17 ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்ட கோணேசர் கோயிலின் எச்சங்களைத் தம் நண்பரோடு கண்டு எழுதியவரும் அவரே. பூமியிலிருந்து 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஒரு வடம் கட்டி, அதன்மேல் ஏறி விண்வெளி செல்லலாம் என்பதே இந்நாவலின் பொருள். அவ்வுயரத்தில் நிலைநிறுத்திய செய்ம்மதிகளால் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என 1945 இலேயே கட்டுரை எழுதியவர் அவர். சிகிரியாவையும் சிவனொளிபாத மலையையும் மாதிரியாகக் கொண்டு கதை நிகழ்கின்றது. வடம் நிற்பதற்கு நிலநடுக்கோடு வேண்டுமாதலின், தீவினையே ஏறத்தாழ 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டதாக ஆசிரியர் கூறுவது நாவலாசிரியர்க்கு உரிய உரிமை! புவியியல் மாணவர் இதனை வாசிக்கத் தவறலாகாது.

பதினோராவது, ஸ்ரனிஸ்லாவ் லெம் போலந்து மொழியில் எழுதிய 'சொலாரிஸ்', 1961. கோளொன்றை மூடிய கடல் உயிருடையதாய், அறிவுடையதாய்த் தோன்றுகின்றது. நூற்றுக்கணக்கான நூல்கள் எழுதியும் விஞ்ஞானியர் அதனோடு பேச வழி காணவில்லை. அறிவின் எல்லையைப் பற்றி இத்துணை ஆழமாக எழுந்த விஞ்ஞான நாவல் அரிது.

பன்னிரண்டாவது, ஊர்சுலா லெ குவின் என்னும் அம்மையாரின் 'இருளின் இடக்கை', 1969. ஆண், பெண் என்னும் நிலையான பால்வேறுபாடு இல்லாத மக்கள் வாழும் பனிக்கோள் ஒன்றுக்குத் தூதனாய்ச் செல்லும் ஒருவனின் வரலாறு. அஃறிணையும் உயர்திணையும், ஆண்பாலும் பெண்பாலும் வினைமுற்றிலேயே தோன்றும் மொழியைப் பேசும் நமக்கு, இதனைத் தமிழாக்குவது எங்ஙனம் என்னும் வினா உடனே எழும். அவ்வினாவே ஒரு நல்ல இலக்கண வகுப்பாகும்.

இப்பன்னிரண்டோடு சிறுகதை ஒன்றையும் சேர்த்து வாசிக்குமாறு வேண்டுகின்றோம். வங்கத்து ரொக்கேயா அம்மையார் ஆங்கிலத்தில் எழுதி, 1905 இல் சென்னையிலிருந்து வெளிவந்த மகளிர் இதழொன்றில் வந்த 'சுல்தானாவின் கனவு' அது. ஆடவர் வீட்டினுள் இருக்க, மகளிர் சூரிய வெப்பத்தைச் சேமித்து நாட்டை ஆள்கின்றனர். நம் இல்லங்களில் உள்ள சகோதரிகளுக்கும் இதனை வாசித்துக் காட்டுக.

செய்யவேண்டுவன

பன்னிரு நூல்களுள் ஒன்றே தமிழில் எழுந்தது. ஏனையவற்றுள் சில தமிழாக்கம் பெற்றுள்ளன. அவற்றுள்ளும் சுருக்கங்கள் பல. சுருக்கத்தை வாசித்தோன் கதையை அறிவான். காரண காரியத் தொடர்ச்சியை அறியான். இத்துறைக்கு அத்தொடர்ச்சியே உயிர் என மேலே கூறினோம். ஆதலின் முழுமையான தமிழாக்கங்கள் வேண்டும். மருத்துவராயும் பொறியியலாளராயும் பல நாடுகளில் வாழும் பழைய மாணவர்காள்! ஆங்கிலமும் விஞ்ஞானமும் தமிழும் ஒருங்கே அறிந்தவர் நீவிரே. ஒருவர் ஓர் அதிகாரத்தைத் தமிழாக்கித் தரினும், ஒரு நூலின் ஒரு படியை நம் நூலகத்துக்கு அனுப்பினும் இவ்விழாவுக்கு அது தக்க காணிக்கையாகும்.

மாணவர்க்குக் கூறுவது வேறு. நூலொன்றை வாசித்து முடித்தவுடன், அப்பியாசப் புத்தகத்தில் ஒரு பக்கம் ஒதுக்கி, பாயிரத்தின் எட்டு உறுப்புக்களையும் தலைப்பாக இட்டு, அந்நூலுக்கு நீங்களே ஒரு பாயிரம் எழுதுக. கேட்போர் என்னும் தலைப்பின்கீழ், இந்நூலை வகுப்பில் எத்தோழனுக்குக் கொடுப்பீர் என அவன் பெயரை எழுதுக. யாப்பு என்னும் தலைப்பின்கீழ், இதன்பின் அவன் எதனை வாசிக்கவேண்டும் என எழுதுக. ஒரு வகுப்பில் முப்பது மாணவர் இவ்வாறு எழுதுவாராயின், ஆண்டிறுதியில் நம் கல்லூரிக்கென ஒரு நூற்பட்டியல் தானே உருவாகிவிடும். அது நாம் ஈண்டுத் தந்த பட்டியலினும் சிறந்ததாக அமையும் என நம்புகின்றோம். அவ்வாறு அமைந்தவுடன் இதனை நீக்கி அதனையே நூலகச் சுவரில் ஒட்டுக.